உறையைப் பார்க்கத் தவறினேன்

பத்து வயதில் தபால்தலை சேர்க்கத் தொடங்கியவன் நான். வெளியூர்க் கடிதம் வந்தால் அப்பா படித்து முடிக்கும்வரைகூடப் பொறுக்க மாட்டேன். உறையின் மூலையைக் கத்தரித்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போடுவேன். பசை நெகிழ்ந்து தபால்தலை மெல்ல நழுவும் அந்த நொடிக்காகக் குனிந்தபடியே உட்கார்ந்திருப்பேன். அப்படிப்பட்ட என்னையே ஏமாற்றிய கதை, அகதா கிறிஸ்டியின் 'ஸ்ட்ரேஞ்ச் ஜெஸ்ட்'. 1941-ல் வெளியானது. முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றி எழுத முடியாது. படிக்காதவர்கள் முதலில் கதையைப் படித்துவிடுங்கள்.

கிறிஸ்டியின் துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிள் வரும், ஆனால் கொலையே இல்லாத கதை இது. வங்கிகளை நம்பாத மேத்யூ தாத்தா இறந்துபோகிறார். சொத்து சார்மியன், எட்வர்ட் என்ற இளம் ஜோடிக்கு. ஆனால் பணத்தைக் காணோம். சாகும் நேரத்தில் கிழவர் தம் கண்ணைத் தட்டிக் காட்டிக் கண்ணடித்தது மட்டுமே துப்பு. தங்கம் புதைத்திருப்பார் என்று இருவரும் தோட்டத்தையே தோண்டிப் போட்டுவிட்டார்கள்.

மிஸ் மார்ப்பிள் வருகிறார். பழைய மேசையின் ரகசிய அறைக்குள், புழு அரித்ததுபோல் தெரியும் சிறு துளையில், தலையிலிருந்து உருவிய கொண்டை ஊசியை விடுகிறார். இன்னொரு குட்டி இழுப்பறை வெளியே வருகிறது. உள்ளே 'பெட்டி மார்ட்டின்' (Betty Martin) என்ற பெண் ஹவாய் போன்ற தொலைதூர இடங்களிலிருந்து எழுதிய கடிதக் கட்டு. கூடவே பன்றி இறைச்சியும் கீரையும் சேர்த்த ஒரு சமையல் குறிப்பு.

நான் அந்தக் கடிதங்களில் தாத்தாவின் பழைய காதலைத் தேடிக்கொண்டிருந்தேன். மிஸ் மார்ப்பிளோ சமையல் குறிப்பிலேயே பிடித்துவிட்டார். அந்த இறைச்சியும் கீரையும், 'என் கண்ணும் பெட்டி மார்ட்டினும்' என்பதும், 'சுத்தப் பொய்' என்ற பொருளில் ஆங்கிலேயர்கள் சொல்லிவந்த பழைய சொலவடைகள். கிழவர் கண்ணைத் தட்டியதன் பொருள் அப்போதுதான் விளங்குகிறது. பெட்டி மார்ட்டின் என்று ஒருத்தி இருந்ததே இல்லை. படிப்பவர் காதில் பூச்சுற்றத்தான் கடிதங்கள். பணம் உறைமேல் ஒட்டியிருந்தது: 1851-ன் ஹவாய் 2 சென்ட் நீலத் தபால்தலை.

அந்தத் தபால்தலை கற்பனையல்ல. தீவிலிருந்த மதபோதகர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களில் ஒட்டியதால் அதற்கு 'மிஷனரி' என்றே பெயர். மெல்லிய, எளிதில் நொறுங்கும் காகிதம். மிஞ்சியவை வெகு சில. கடிதத்தில் பெட்டி மார்ட்டின் மதபோதகக் கூட்டத்தைச் சேர்ந்தவள்போல எழுதியிருப்பதைக் கிறிஸ்டி முன்பே நம் கண்முன் வைத்துவிட்டார். தபால்தலை சேர்ப்பவனுக்கு அந்த ஒரு சொல்லே போதும். இரண்டாம் முறை படித்தபோது அந்த வரியில் வெகுநேரம் நின்றேன்.

இப்போதெல்லாம் நான் உறைகளைக் கத்தரிப்பதில்லை. முத்திரையும் முகவரியுமாக முழுசாகவே எடுத்து வைக்கிறேன்.