முழங்கால் நோட்டு

ஜனவரி 7

இன்று பிசியோ முதலில் செய்த வேலை அளப்பதுதான். நீளமான கோணமானி ஒன்றை முழங்காலின் பக்கவாட்டில் வைத்து, "முடிஞ்ச வரைக்கும் மடக்குங்க சார்" என்றார். வலது கால் 138 டிகிரி மடங்கியது. அடிபட்ட இடது கால் 112-இல் நின்றுவிட்டது. அப்புறம் தொடையைச் சுற்றி டேப். இடது தொடை 2 சென்டிமீட்டருக்கு மேல் இளைத்திருக்கிறது.

உள்பக்க ஜவ்வு ஆறிவிட்டது என்று எலும்பு டாக்டர் சொல்லி வெகுநாளாகிறது. பிறகு ஏன் தசை கரைகிறது என்று கேட்டேன். மூட்டுக்குள் நீர் கோத்துக்கொண்டால் அங்கிருந்து போகும் நரம்புச் செய்தி, தண்டுவடத்திலேயே தொடையின் முன்தசைக்குத் தடை போட்டுவிடுகிறதாம். அதற்குப் பெரிய வீக்கம் தேவையில்லை, வலிகூட தேவையில்லை. அந்தத் தடை இருக்கும்வரை எவ்வளவு முக்கினாலும் தசை முழுசாக இறுகாது. சோம்பலால் மட்டும் இளைத்த கால் இல்லை என்பதில் எனக்கு ஓர் அற்பத் திருப்தி.

வீட்டில் செய்ய மூன்று பயிற்சிகள் கொடுத்திருக்கிறார். சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்துக் கீழே அழுத்தி, பத்து எண்ணும்வரை பிடிப்பது. காலை மடக்காமல் ஓரடி உயரம் தூக்கி மெதுவாக இறக்குவது. படுத்தபடியே குதிகாலைப் பின்பக்கம் நோக்கி இழுப்பது. பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. செய்தால் தொடை நடுங்குகிறது.

தடி எந்தக் கையில் என்று கேட்டேன். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். இடது கால் ஊன்றும்போது வலது கைத்தடியும் சேர்ந்து ஊன்ற வேண்டும், அப்போதுதான் மூட்டின் மேல் விழும் பாரம் குறையும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

ஜனவரி 9

நோட்டில் மூன்று கட்டம் போடச் சொல்லியிருக்கிறார். பயிற்சியின்போது வலி எவ்வளவு, அன்று இரவு எவ்வளவு, மறுநாள் காலை எவ்வளவு. பூஜ்யத்திலிருந்து 10 வரை மதிப்பெண். காலைக் கட்டத்தில் மட்டும் கூடுதலாக வீக்கம், விறைப்பு இரண்டையும் குறிக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது இதில் உள்ள கணக்கு. பயிற்சி செய்யும்போது 5 வரை வலிக்கலாம். முடிந்ததும் கொஞ்சம் வலிக்கலாம். ஆனால் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கிவிட்டால் அளவு சரி, போகப் போகக் கூட்டலாம். இறங்கவில்லை என்றால் குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. சுவீடனில் 1990-களில் முழங்கால் நோயாளிகளுக்காக வகுத்த முறை இது.

இதுவரை நான் கேட்ட அறிவுரை எல்லாம் இரண்டே வகை. வலித்தால் உடனே நிறுத்து என்பது ஒன்று. பல்லைக் கடித்துக்கொண்டு செய் என்பது இன்னொன்று. இரண்டிலும் அந்த நேரத்து வலிதான் நீதிபதி. இங்கே தீர்ப்பு மறுநாள் காலைக்குத் தள்ளிப்போகிறது. மருந்துக்கு அளவு இருப்பது போல அசைவுக்கும் அளவு உண்டு, அந்த அளவை மூட்டு தாமதமாகத்தான் சொல்லும் என்கிறார்.

ஜனவரி 16

காலை: 2. வீக்கம் இல்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்பது ஐஸா, வெந்நீர் ஒத்தடமா? அடிபட்டால் ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்ற நான்கையும் சேர்த்து 'ரைஸ்' என்று சுருக்கி 1978-இல் எழுதியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டர். பல வருடம் கழித்து, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று அவரே தன் கருத்தை மாற்றிக்கொண்டார். அடிபட்ட இடம் வீங்கிச் சூடாவது உடம்பு பழுதுபார்க்கும் வேலையின் முதல் கட்டம். 2019-இல் வந்த இன்னொரு பரிந்துரை ஐஸைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. முதல் சில நாள் காப்பாற்றி வை, அப்புறம் படிப்படியாகப் பாரம் கொடு என்பதுதான் அதன் சாரம்.

என்னுடையது மாதக்கணக்கான வலி. இதற்கு ஐஸ் வைத்தாலும் சரி, ஒத்தடம் கொடுத்தாலும் சரி, எது இதமாக இருக்கிறதோ அது. இரண்டுமே தசையை வளர்க்காது. கரண்ட் வைக்கும் மெஷினைப் பற்றியும் பிசியோவின் பதில் இதேதான். கொஞ்ச நேரம் வலி மட்டுப்படலாம், ஆனால் காலுக்குப் பதிலாக மெஷின் நடக்காது.

ஜனவரி 27

காலை: 6. முழங்கால் சில்லின் இருபக்கமும் இருக்கும் பள்ளம் காணவில்லை. நேற்று நாள் முழுக்க நிற்க வேண்டிய வேலை, தவிர்க்க வழியே இல்லை.

பிசியோவுக்குப் போன் செய்தேன். பதறவில்லை. காய்ச்சல் இருக்கிறதா, மூட்டு சிவந்து கொதிக்கிறதா, மடங்கிய நிலையில் சிக்கிக்கொண்டு நீட்டவே முடியாமல் இருக்கிறதா, கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். இதில் ஏதாவது ஒன்று இருந்தால் பயிற்சிப் பேச்சே கிடையாது, நேராக டாக்டரிடம் போக வேண்டும். எதுவும் இல்லை என்றதும், "சரி, பாதி அளவு செய்யுங்க. அழுத்திப் பிடிக்கிறது, மடக்கி நீட்டுறது மட்டும் போதும். படுத்தே கிடக்க வேண்டாம்" என்றார்.

நாள்பட்ட வலிக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் சுழல் ஒன்றையும் சொன்னார். நல்ல நாள் வந்தால் தேங்கிக் கிடக்கும் வேலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிப்பது, மறுநாள் எழ முடியாமல் கிடப்பது, அடுத்த நல்ல நாளுக்குக் காத்திருப்பது. இப்படியே போனால் நல்ல நாளில் செய்யும் வேலையும் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும். அதனால் நல்ல நாளிலும் அளவோடு நிறுத்த வேண்டும், மோசமான நாளிலும் கொஞ்சமாவது அசைய வேண்டும். முதல் பாதிதான் கஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. வலி இல்லாத நாளில் யார் கணக்குப் பார்ப்பார்கள்?

ஜனவரி 29

காலை: 3. பள்ளம் திரும்பி வந்துவிட்டது.

பிப்ரவரி 8

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் படித்தேன். ஜவ்வு விஷயம் போக, 'மெனிஸ்கஸில் சிதைவு, கிழிசல்' என்று ஒரு வரி. மெனிஸ்கஸ் என்பது மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு. அந்த வரியைப் படித்தாலே கால் நொண்ட ஆரம்பிக்கிறது.

இன்று பிசியோவிடம் அதைக் காட்டியபோது ஓர் ஆய்வைச் சொன்னார், வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 2008-இல் வெளியானது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயதுவரை உள்ள 991 பேருக்கு முழங்கால் எம்ஆர்ஐ எடுத்தார்கள். வலி இருப்பவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. மெனிஸ்கஸில் கிழிசல் தெரிந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய மாதத்தில் முழங்காலில் வலியோ குடைச்சலோ விறைப்போ எதுவுமே இல்லை. கிழிசலோடு நிம்மதியாக நடமாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அதற்கு முன்பே, 2002-இல், ஹூஸ்டனில் மோஸ்லி என்ற அறுவை மருத்துவர் இன்னும் துணிச்சலாக ஒன்று செய்திருக்கிறார். முழங்கால் தேய்மானம் உள்ள 180 பேர். சிலருக்குத் துளைவழி சிகிச்சையில் மூட்டுக்குள் சுத்தம் செய்தார், சிலருக்குக் கழுவி மட்டும் விட்டார், மீதிப் பேருக்குத் தோலில் கீறித் தையல் போட்டதோடு சரி. இரண்டு வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், சிகிச்சை பெற்றவர்கள் வெறும் தையல் போட்டவர்களைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை.

இதை வைத்து ஆபரேஷனே வீண் என்று சொல்லக் கூடாது. மூட்டு சிக்கிக்கொள்பவர்கள், முழு ஜவ்வும் அறுந்துபோன இளைஞர்கள், மூட்டே தேய்ந்து நடக்க முடியாதவர்கள் கதை வேறு. ஆனால் படத்தில் தெரிவது எல்லாம் வலிக்குக் காரணம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ரிப்போர்ட்டை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 20

அக்கா போன் செய்தாள். அவளுக்குத் தோள் இறுகிப்போய்க் கை மேலே போகவில்லை. 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்று சொல்லிவிட்டார்களாம். அவளுக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும்.

"உனக்குக் குடுத்த பேப்பரை அனுப்புடா, நானும் செய்யுறேன்" என்றாள்.

"அது முழங்காலுக்கு, அக்கா."

"எல்லாம் மூட்டுதானே?"

இல்லை. இறுகிய தோளில் ஆரம்பக் கட்டம் வலி உச்சத்தில் இருக்கும் காலம். அப்போது பிடித்து இழுத்தால் இன்னும் சீறும். குனிந்து நின்று கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு ஆட்டுவது, வலி தாங்கும் எல்லைக்குள் மெல்ல உயர்த்துவது, அவ்வளவுதான் அப்போதைக்கு. வலி அடங்கி இறுக்கம் மட்டும் மிஞ்சும் கட்டத்தில் இழுப்பைக் கூட்டலாம். மொத்தத்தில் ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகும். அதைச் சொன்னதும் அக்கா திட்டியது இங்கே எழுதத் தக்கதல்ல. பேப்பர் அனுப்பவில்லை. மூன்று கட்டம் போட்ட நோட்டுப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பினேன், அது எந்த மூட்டுக்கும் பொருந்தும்.

மார்ச் 5

காலை: 5. நேற்று பயிற்சி வழக்கமான அளவுதான். நிற்கவில்லை, நடக்கவில்லை, வீக்கமும் இல்லை. ஆனால் இரண்டு இரவாகத் தூக்கம் இல்லை, மண்டை முழுக்க ஒரு பணக் கவலை.

பிசியோ ஆச்சரியப்படவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட வலி என்பார்கள். அந்த நிலையில் தண்டுவடமும் மூளையும் சேர்ந்து கூர்மையாகிவிடலாம், சின்னச் செய்தியும் பெரிதாக ஒலிக்கும். தண்டுவடத்தில் இப்படி நடப்பதை 1983-இல் கிளிஃபோர்ட் வுல்ஃப் எலிகளில் காட்டினார். தூக்கம் கெட்டால், மனம் அலைபாய்ந்தால் இந்தக் கூர்மை ஏறும். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் திருத்திய வரையறையில், வலி என்பது உடலில் சேதம் இருக்கும்போது மட்டும் வருவதல்ல, சேதம் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படியான அனுபவமும் வலிதான் என்று இருக்கிறது.

"அப்ப எல்லாம் மனசுலதான்னு சொல்றீங்களா?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன்.

"இல்ல சார். நரம்புல. அதுவும் உடம்புதானே?"

இந்தப் பதிலை எத்தனையோ பேருக்குச் சொல்ல வேண்டும். 'உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் பிரமை' என்று அனுப்பி வைக்கப்படுகிறவர்கள் பட்ட வலி நிஜம். நோட்டில் நாலாவதாக ஒரு கட்டம் போட்டேன்: தூக்கம்.

மார்ச் 18

காலை: 1.

துண்டு அழுத்தும் காலம் முடிந்தது. இப்போது நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, கணுக்காலில் எடை கட்டித் தூக்குவது, தாழ்ந்த படியிலிருந்து ஒற்றைக்காலில் மெதுவாக இறங்குவது. எல்லாம் 10 தடவை, 3 சுற்று.

ஏன் எல்லாப் பிசியோ பேப்பரிலும் இந்தப் பத்தும் மூன்றும்? இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் மருத்துவமனைகளில் மாதக்கணக்காகக் கிடந்தார்கள். அப்போதைய வழக்கம் லேசான எடையை நிறையத் தடவை தூக்குவது. தாமஸ் டிலார்ம் என்ற ராணுவ மருத்துவர், தானே பளு தூக்கிப் பழகியவர், கனமான எடையைக் குறைந்த தடவை தூக்கவைத்தார். தொடைத் தசை வேகமாக மீண்டது. 1945-இல் அதை எழுதினார். பத்துத் தடவை மட்டுமே தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடித்து, அதில் பாதி, முக்கால், முழுசு என்று மூன்று சுற்று செய்யும் முறையை 1948-இல் வெளியிட்டார். தசை வளர வளர எடையும் வளர வேண்டும் என்பதுதான் அதன் உயிர். எடையைக் கூட்டாமல் மாதக்கணக்கில் அதே பயிற்சியைச் செய்துவிட்டுப் 'பிசியோ செய்தேன், பலனில்லை' என்பவர்களுக்கு இந்தப் பகுதியை யாரும் சொல்வதில்லை போலிருக்கிறது.

உடல் எடை பற்றியும் பேச்சு வந்தது. தேய்மானம் உள்ள முழங்காலில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் மூட்டின் மேல் விழும் பாரம் நாலு கிலோ குறையும் என்று 2005-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அதைக் கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

ஏப்ரல் 3

காலை: 1. மடக்கம் 133 டிகிரி. தொடை வித்தியாசம் 1 சென்டிமீட்டருக்கும் கீழே.

இனி மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து படியின் உயரத்தைக் கூட்ட வேண்டும், எடை அப்படியே இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் காலை எதற்காக வலித்தது என்று தெரியாது. வலி 3-ஐத் தாண்டி இரண்டு நாள் காலையிலும் நீடித்தால் பழைய உயரத்துக்கே திரும்ப வேண்டும்.

அக்காவும் நோட்டுப் போட்டுவிட்டாள். அவள் கட்டத்தில் 'தம்பி மேல் கோபம்' என்று ஒன்று கூடுதலாக இருக்கிறது. இன்று அதில் 4.

என் பக்கம் ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. படி இறங்கும்போது முழங்காலில் கடகட என்று சத்தம் வருகிறது. வலியும் வீக்கமும் இல்லாத சத்தத்தால் ஒன்றும் ஆகாது, அதற்குக் கட்டம் போட வேண்டாம் என்று பிசியோ சொல்லிவிட்டார்.