ஒரே மெஷினில் இரண்டு மைஎஸ்க்யூஎல்: போர்ட்டை மாற்றினால் மட்டும் போதாது

எங்கள் பில்லிங் மைஎஸ்க்யூஎல் 8.0 என்ற டேட்டாபேஸ் சர்வரில் ஓடுகிறது. அதே உபுண்டு மெஷினில் டெஸ்டுக்கென்று இன்னொரு மைஎஸ்க்யூஎல் ஏற்ற வேண்டியிருந்தது. இருக்கிற சர்வரிலேயே வேறொரு டேட்டாபேஸ் போட்டால் ஆகாதா என்றால், ஆகாது. டெஸ்ட் டீம் செட்டிங்கை மாற்றி மாற்றி ரீஸ்டார்ட் செய்வார்கள். பில்லிங் நடக்கும் லைவ் சர்வரும் சேர்ந்து விழும்.

லைவை ராத்திரி நிறுத்தி டேட்டா ஃபோல்டரைக் காப்பி எடுத்தாயிற்று. தனி கான்ஃபிக், 3307 போர்ட் (நெட்வொர்க் வழியே சர்வரை அடையும் எண்), தனி சாக்கெட் (அதே மெஷினில் உள்ள ஆப்கள் சர்வரோடு பேசும் ஃபைல்), தனி சர்வீஸ் ஃபைல் எல்லாம் சீக்கிரமே முடிந்தன. ஸ்டார்ட் கொடுத்தால் எழவில்லை. லாக்கில் எர்ரர் 13, பெர்மிஷன் டினைட். ஃபோல்டரின் ஓனர், குரூப் எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

சர்வரை வாடகைக்குத் தந்தவர்களின் சப்போர்ட்டைக் கேட்டோம். ஃபோல்டருக்கு 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுங்கள் என்று ஒரே வரியில் பதில் எழுதி டிக்கெட்டை மூடிவிட்டார்கள். இன்னும் கோபம் ஆறவில்லை. யார் வேண்டுமானாலும் பில்லிங் டேட்டாவை எடுக்கலாம் என்று திறந்துவிடச் சொல்வதா ஒரு சப்போர்ட்? அதைச் செய்திருந்தாலும் பலன் இருந்திருக்காது. தடுத்தது ஆப்ஆர்மர் என்ற உபுண்டுவின் பாதுகாப்பு அமைப்பு. மைஎஸ்க்யூஎல் எந்தெந்த ஃபோல்டரைத் தொடலாம் என்று உபுண்டு ஒரு ப்ரொஃபைலில் எழுதி வைத்திருக்கிறது; நம் புதிய ஃபோல்டர் அதில் இல்லை. கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) லாக்கைப் பார்த்தால் எந்தப் பாதை மறுக்கப்பட்டது என்று தெளிவாக வருகிறது. ஆப்ஆர்மரை மொத்தமாக நிறுத்த வேண்டாம். அதன் லோக்கல் ஃபோல்டரில் இருக்கும் மைஎஸ்க்யூஎல் ஃபைலில் புதிய பாதையைச் சேர்த்து ப்ரொஃபைலை ரீலோட் செய்தால் போதும். சாக்கெட், பிஐடி (ப்ராசஸ் எண்ணை வைத்திருக்கும்) ஃபைல்களின் புதிய பெயர்களையும் அப்போதே சேர்த்துவிடுங்கள்.

சர்வர் எழுந்தது. அப்புறம்தான் பெரிய ஆபத்து வந்தது. டெஸ்ட் ஆப்பைத் திறந்தால் அன்று காலை போட்ட பில் தெரிகிறது! முந்தின ராத்திரி எடுத்த காப்பியில் காலை பில் எப்படி வரும்? டெஸ்ட் ஆப் லைவோடு பேசிக்கொண்டிருந்தது. பழைய பில்களை அழிக்கும் ஸ்கிரிப்ட் அடுத்து ஓட வேண்டியது. அதை அந்த நிமிடமே நிறுத்தினோம்.

ஹோஸ்ட் என்ற இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று இருந்ததுதான் காரணம். லினக்ஸில் அப்படிக் கொடுத்தால் மைஎஸ்க்யூஎல் கிளையண்ட் போர்ட்டைக் கண்டுகொள்ளாது. நேராக வழக்கமான சாக்கெட்டுக்குப் போகும். அது லைவினுடையது. 3307 என்று எத்தனை முறை எழுதினாலும் அதேதான். 127.0.0.1 (இதே மெஷினின் நெட்வொர்க் முகவரி) என்று கொடுங்கள், அல்லது சாக்கெட்டின் முழுப் பாதையைக் கொடுங்கள். உள்ளே போனதும் போர்ட்டையும் டேட்டா ஃபோல்டரையும் செலக்ட் கட்டளை போட்டுப் பார்க்காமல் எதையும் ஓட்டாதீர்கள்.

மெமரியையும் பாருங்கள். லைவ் கான்ஃபிக்கை அப்படியே காப்பி அடித்தால் இரண்டாவது சர்வரும் அதே அளவு பஃபர் பூல் (டேட்டாவை வைத்துக்கொள்ளும் மெமரி) கேட்கும். மெமரி தீர்ந்தால் கெர்னல் லைவையே கொன்றுவிடக்கூடும். மைஎஸ்க்யூஎல்லின் கூடுதல் பாகமான எக்ஸ் ப்ளக்இன்னின் 33060 போர்ட்டும் இரண்டிலும் மோதும். சர்வர் அதற்காக நிற்காது, லாக்கில் மட்டும் புலம்பும்.

டேட்டா ஃபோல்டரைக் காப்பி எடுக்கும்போது யூசர்களும் பாஸ்வேர்டுகளும் கூடவே வந்துவிடுகின்றன. டெஸ்ட் ஆப் தவறான சர்வருக்குப் போயும் எர்ரர் வராததற்கு அதுதான் காரணம். இப்போது டெஸ்டில் எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டோம். யாராவது மறுபடி லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் லைவ் உள்ளே விடாது, ஆக்சஸ் டினைட் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.