உறுதி பதிந்தால் போதாது: கொழும்பில் வீட்டுக் கடனுக்கு மாநகர சபைப் பத்திரங்கள் எடுத்த அனுபவம்

கொட்டாஞ்சேனையில் அப்பாவின் பெயரில் இருந்த பழைய வீட்டை மகள் பெயருக்கு நன்கொடை உறுதி (சொத்தை இனாமாக எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதி, கூரை மாற்ற வங்கியில் கடன் கேட்டோம். கடன் கிடைத்துவிட்டது. ஆனால் இடையில் அலைந்த அலைச்சலை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அதில் பாதி, யாராவது ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் தேவைப்பட்டிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

உறுதி எழுதியதும் நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) அதைக் காணிப் பதிவகத்தில் பதிந்து தந்ததும் சிக்கலில்லாமல் முடிந்தன. வில்லங்கம் பிறகுதான். காணிப் பதிவகத்தில் பதிந்தால் மாநகர சபையிலும் பெயர் தானாக மாறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மாறாது. காணிப் பதிவகத்தின் பதிவேடு வேறு, மாநகர சபையின் வரி மதிப்பீட்டுப் பதிவேடு வேறு. இரண்டாவதில் நீங்கள் விண்ணப்பித்தால்தான் பெயர் மாறும். அதுவரை வரித் துண்டு பழைய பெயரில்தான் வரும். வங்கி கேட்கும் உரிமைச் சான்றிதழும் அதே பழைய பெயரில்தான் கிடைக்கும். வங்கிச் சட்டத்தரணி உறுதியில் ஒரு பெயரையும் சான்றிதழில் இன்னொரு பெயரையும் பார்த்த உடனே பைலை மூடிவிடுவார்.

பெயர் மாற்றத்துக்கு உறுதியின் ஒரிஜினல், நொத்தாரிசு உறுதிப்படுத்திய பிரதி, நில அளவைப் படத்தின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, கடைசியாக வரி கட்டிய பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டு போங்கள். ஒரிஜினலைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். வாசலில் நின்று "நான் முடிச்சுத் தாறேன் ஐயா, உறுதியத் தாங்க" என்று கேட்பவர்களிடம் போட்டோ கொப்பி கூடக் கொடுக்க வேண்டாம்.

எங்களுக்குப் பெரிய அடி வரி நிலுவையில் விழுந்தது. வீட்டுக்கு வருடா வருடம் ஒழுங்காக வரி கட்டியே வந்திருக்கிறது. ஆனால் பின்பக்கம் ஒரு காலத்தில் வாடகைக்கு விட்டிருந்த அறைக்கும் குசினிக்கும் தனி வரி இலக்கம் போடப்பட்டிருந்தது. முன் வீட்டின் இலக்கத்துக்குப் பின்னால் ஒரு கோடும் ஒரு எண்ணும், அவ்வளவுதான் வித்தியாசம். வாடகைக்காரர் போன பிறகு அந்தத் துண்டை யாரும் கவனிக்கவில்லை. நிலுவை ஏறிக்கொண்டே போய், ஒவ்வொரு காலாண்டுக்கும் வொரண்ட் செலவும் (நிலுவையை அறவிடச் சபை சேர்க்கும் கட்டணம்) சேர்ந்திருந்தது. உறுதியில் இருப்பது ஒரே காணி என்பதால், அந்த நிலுவை தீரும்வரை எந்தச் சான்றிதழும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதில் அவர்கள் மேல் பிழை சொல்ல முடியாது.

ஆகவே முதல் நாளே வரிக் கவுண்டரில் "இந்தக் காணிக்குள் எத்தனை வரி இலக்கம் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் நிலுவை எவ்வளவு?" என்று கேளுங்கள். வீட்டு வாசலில் தகட்டில் உள்ள இலக்கத்தை மட்டும் சொன்னால் அதற்குரிய கணக்கை மட்டும்தான் காட்டுவார்கள். பின் பகுதி இப்போது தனியாக இல்லையென்றால், இலக்கங்களை ஒன்றாக்கித் தரும்படி எழுத்தில் கேட்கலாம். ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார். வரும் நாளில் வீட்டில் யாராவது இருக்க வேண்டும், கதவு பூட்டியிருந்தால் பைல் அடியில் போய்விடும். இனி நிலுவை ஏறாமலிருக்க ஒரு வழி: முழு வருட வரியையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதம் கழிவு, காலாண்டாகக் கட்டுபவர்கள் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம்.

அடுத்தது பெயர். அப்பாவின் பழைய உறுதி ஆங்கிலத்தில், பிறப்புச் சான்றிதழ் தமிழில். பழைய அடையாள அட்டை சிங்களத்தில் மட்டும். 2014க்குப் பிறகு வந்த அட்டைகளில்தான் தமிழும் சேர்ந்து வருகிறது. 'செல்வராஜா' என்று முடிகிற பெயர் ஒன்றில் 'ராசா' என்றும், இன்னொன்றில் 'ராஜ்' என்று பாதியிலும் நிற்கிறது. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முழுதாக, ஓரிடத்தில் முதலெழுத்தாக மட்டும். தமிழ்க் குடும்பங்களில் இது இல்லாத வீடே இல்லை. ஆனால் கவுண்டரில் இவை இரண்டு ஆட்கள். இதற்குச் சத்தியக் கடதாசி வேண்டும்: "இன்ன இன்ன பெயர்களில் குறிப்பிடப்படுபவர் நான் ஒருவரே" என்று, ஒவ்வொரு பத்திரத்தின் இலக்கத்தையும் அதில் எழுத்துக்கு எழுத்து உள்ள பெயரையும் போட்டு, சமாதான நீதவான் முன்னிலையில் ஒப்பமிட வேண்டும். பத்திர இலக்கம் போடாமல் பொதுவாக எழுதிய சத்தியக் கடதாசியை வங்கி திருப்பி அனுப்பியது. இன்னும் நல்ல வழி, உறுதி எழுதும்போதே நொத்தாரிசிடம் சொல்லி, மற்றப் பெயரையும் "எனவும் அழைக்கப்படும்" என்று சேர்ப்பது. செலவில்லாத வேலை, பிறகு எவ்வளவோ தலையிடி மிச்சம்.

பெயர் மாற்றக் கடிதத்தோடு ஒரு கந்தோரில் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். தமிழில் எழுதிய கடிதத்தைக் கவுண்டரில் இருந்த மிஸ் திருப்பித் தள்ளினார். "சிங்களத்துல எழுதிக்கிட்டு வாங்க." பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவரும் அதே பதிலோடு கடிதத்தை மடித்துக்கொண்டு வெளியே போனார். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, அரச அலுவலகத்தோடு தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரிமை தருகிறது. வாதாடிப் பயனில்லை என்று தெரிந்ததால், "சரி மிஸ், தமிழ்ல ஏத்துக்க மாட்டோம்னு இந்தக் கடிதத்துலயே எழுதி, உங்க பேரும் திகதியும் போட்டுத் தாங்க" என்று கேட்டோம். உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து கடிதத்தை எடுத்துக்கொண்டார். சத்தம் போடாமல் இதை மட்டும் கேளுங்கள். எழுத்தில் மறுக்க யாரும் விரும்புவதில்லை.

கொடுக்கும் எந்தக் கடிதத்துக்கும் இரண்டாவது பிரதி ஒன்று கையில் இருக்கட்டும். அதில் 'கிடைத்தது' என்ற திகதி முத்திரை வாங்காமல் நகராதீர்கள். எங்கள் பைல் காணாமல் போனபோது அந்த முத்திரைதான் கைகொடுத்தது. "பைல் மேல போயிருக்கு" என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தபோது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போட்டோம்: இன்ன திகதியில் கொடுத்த கடிதம் இப்போது யாரிடம் இருக்கிறது, என்ன முடிவு எடுக்கப்பட்டது என்று. காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். அந்தக் கெடு முடிவதற்கு முன்பே பைல் கிடைத்துவிட்டது. அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

வீதி எல்லைச் சான்றிதழ் வங்கி கட்டாயம் கேட்கும் பத்திரம். எதிர்காலத்தில் வீதி அகலமாக்கும்போது உங்கள் காணியில் எவ்வளவு போகும் என்பதை அது காட்டும். இதில் சிக்குவது இலக்கமும் தெருப் பெயரும். உறுதியில் இருப்பது எப்போதோ இருந்த பழைய வரி இலக்கம், சான்றிதழில் வருவது இப்போதைய இலக்கம். கொழும்பில் தெருப் பெயர்களும் மாறிக்கொண்டே வந்தவை. டரட் றோட் தர்மபால மாவத்தையானது. செட்டியார் தெரு ஆங்கில உறுதிகளில் சீ ஸ்ட்ரீட். பழைய இலக்கமும் புதிய இலக்கமும் ஒரே ஆதனம் என்று சபையிடம் ஒரு கடிதம் சேர்த்து எடுங்கள். விண்ணப்பிக்கும்போதே கேட்டால் ஒரே பயணத்தில் முடியும், சான்றிதழ் வந்த பிறகு கேட்டால் மறுபடி முதலிலிருந்து.

கிராம அலுவலர் (ஜி.எஸ்.) சான்றிதழுக்கு வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கும் பக்கத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். 'என்ன தேவைக்காக' என்ற இடத்தில் வங்கிக் கடன் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். பிரதேச செயலாளர் மேலொப்பம் இட்ட திகதியிலிருந்து ஆறு மாதம்தான் அது செல்லும். மற்றப் பத்திரங்கள் இழுபட்டால் இது காலாவதியாகிவிடும், அதனால் முந்தி எடுக்க வேண்டாம். ஜி.எஸ். வெளியே போகும் நாட்களில் கந்தோர் பூட்டியிருக்கும். கதவில் ஒட்டியிருக்கும் நாட்களைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

இவ்வளவுக்கும் முன்பே வங்கியில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் உண்டு. நன்கொடை உறுதியை ஏற்பீர்களா? பத்து வருடம் ஆகாத நன்கொடை உறுதி என்றாலே சில வங்கிகள் கையை விரித்துவிடும். உறுதியில் பிரிக்கப்படாத பங்கு என்று இருந்தால் கடன் தருவீர்களா? பெரும்பாலும் இல்லை என்பார்கள். அண்ணன் தம்பி பிரித்து எழுதிக்கொள்ளலாம் என்றால், பொதுவாக 6 பேர்ச்சஸுக்குக் குறைந்த துண்டுக்குப் பிரிப்பு அனுமதி கிடைக்காது. கடைசியாக, அனுமதி பெற்ற கட்டட வரைபடம் இல்லாத பழைய வீட்டுக்கு என்ன கேட்பீர்கள்? இந்த மூன்றுக்கும் கிளை முகாமையாளரின் பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வாய்ப் பேச்சை நம்பிச் சான்றிதழுக்குக் காசு கட்டாதீர்கள்.

வரி நிலுவைக்காக ஆதனம் சபைக்குக் கைமாறவில்லை என்று காட்டும் 'நொன் வெஸ்டிங்' சான்றிதழை எல்லாவற்றுக்கும் கடைசியாக எடுங்கள். காலாண்டு மாறிவிட்டால் வங்கி புதியது கேட்கலாம். நடப்புக் காலாண்டின் வரியைக் கட்டி, பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். கிடைத்த அன்றே வங்கியில் கொடுத்துவிடுங்கள்.