கொழிஞ்சாம்பாறைத் தண்ணீரும் கார்பன் டாட்டும்
வேலை பாலக்காட்டில் ஒரு ஆய்வகத்தில், வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். இந்தப் பகுதியின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. நீரில் உள்ள ஃப்ளோரைடை ஒளியால் காட்டிக்கொடுக்கும் நானோ துகள்கள் செய்வது எங்கள் குழுவின் வேலை.

அதில் ஒரு வகை கார்பன் டாட், அதாவது ஒளிரும் மிக நுண்ணிய கார்பன் துகள். அதைச் செய்வது பெரிய வித்தை இல்லை. சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன் டைஅமீனையும் தண்ணீரில் கரைத்து, ஆட்டோகிளேவ் எனும் இறுக மூடிய அழுத்தக் கலனில் 200 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்தால் போதும். யுவி விளக்கில் நீலமாக ஜொலிக்கும். இரும்பு அயனியைச் சேர்த்தால் மங்கும். ஃப்ளோரைடு வந்து இரும்பைப் பிடித்துக்கொண்டால் வெளிச்சம் திரும்பும்.

சரி, இன்னும் பிரகாசமாக்கலாமே என்று வெள்ளித் துகளைப் பக்கத்தில் கொண்டுவந்தோம். வெள்ளி ஒரு விசித்திரமான அண்டைவீட்டுக்காரர். ஒட்டி நின்றால் ஒளியை விழுங்கிவிடும். சுமார் 10 நானோமீட்டர் தள்ளி நின்றால் கூட்டிக் கொடுக்கும். அந்த இடைவெளிக்காக வெள்ளிமேல் சிலிக்கா ஓடு வளர்க்க வேண்டும். ஓடு கொஞ்சம் தடித்தால் பலன் போச்சு, மெலிந்தால் மங்கல். எங்கள் குழுவில் பாதிப் பேரின் இளமை இந்த ஓட்டில்தான் கரைந்தது.

ஆனால் ஆய்வுக் கட்டுரைகள் பெருமையாகப் போடும் ‘ஒளி இத்தனை மடங்கு கூடியது’ என்ற கணக்கில் எனக்கு மரியாதை குறைந்துவிட்டது. காய்ச்சி வடித்த நீரில் அது அழகாக வரும். கிணற்று நீரிலோ, இலைதழை மக்கிக் கரைந்த கரிமப் பொருளும் அதே நீலத்தில் ஒளிரும். செல்களைப் படமெடுப்பவர்களுக்கும் இதே தலைவலிதான், செல்லுக்குள் இயல்பாக இருக்கும் என்ஏடிஎச் என்ற மூலக்கூறு நீலத்தில் ஒளிரும் என்பதால்.

எனக்குப் பிடித்த வழி யூரோப்பியம் என்ற அருமண் உலோகம். 615 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பாக ஒளிரும். மற்றதெல்லாம் நானோ விநாடிகளில் அணைந்துவிட, இது மில்லி விநாடி அளவுக்கு நீடிக்கும். விளக்கை அணைத்துச் சற்றுப் பொறுத்து அளந்தால் இது மட்டும் மிஞ்சும். தானாக ஒளியைச் சரியாக உறிஞ்சாது, ஒரு கரிம மூலக்கூறு உறிஞ்சிக் கொடுக்க வேண்டும். ஒட்டியிருக்கும் நீர் மூலக்கூறுகள் இதை மங்கச் செய்யும். ஃப்ளோரைடு அவற்றைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தால் வெளிச்சம் கூடும்.

“என்ற கெணத்துத் தண்ணி குடிக்கலாமா அம்மிணி?” என்று தெருவில் ஒரு ஆத்தா கேட்பார். இப்போதைக்கு ஃப்ளோரைடு எலக்ட்ரோடு (ஒளி இல்லாமல் மின்சாரத்தால் அளக்கும் கருவி) காட்டும் எண்ணைத்தான் அவரிடம் சொல்கிறேன்.