சுண்ணாம்பாற்றில் இரண்டு பிஸ்டன்கள்

பொங்கல் விடுமுறையில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு சுண்ணாம்பாறு போட் ஹவுசுக்குப் போனேன். கடலூர் முதுநகரிலிருந்து பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறினால் அதிக நேரமில்லை. மோட்டார் படகில் போகலாம் என்றாள் மகள். பேத்திக்கு மிதிபடகுதான் வேண்டுமாம். சரி, முப்பது வருடம் லேத் பட்டறையில் நின்ற கால்தானே என்று ஏறி உட்கார்ந்தேன்.

மிதிக்க ஆரம்பித்ததும் என் கண் ஆற்றைப் பார்க்கவில்லை. எங்களுக்கு நடுவே மூடி போட்ட ஒரு சக்கரம், அதைச் சுற்றிப் பலகைகள். மிதியும் சக்கரமும் ஒரே தண்டில். கியர் கிடையாது. அந்தக் காலத்து நீராவிச் சக்கரக் கப்பல்களிலும் பெரும்பாலும் இதே கதைதான். நீராவி தள்ளும் பிஸ்டன் நேராகத் தண்டைச் சுழற்றும், தண்டின் இரண்டு முனையிலும் ஆளுயரத்தைவிடப் பெரிய சக்கரங்கள் சுழலும். “உன் கால்தான் பிஸ்டன்” என்றேன். “அப்போ உங்க கால், தாத்தா?” பழைய பிஸ்டன்.

பாரடைஸ் பீச்சுக்குப் போகிற மோட்டார் படகு ஒன்று பக்கத்தில் கடந்தது. அதன் அலையில் எங்கள் படகு ஒரு ஆட்டம் ஆடியதும் மிதி சட்டென்று லேசாகிவிட்டது. பலகை தண்ணீரைவிட்டு மேலே வந்து காற்றை அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த நொடி முழுக்க அமிழ்ந்து, கால் கல்லாகக் கனத்தது.

நடுக்கடலில் அந்தக் கப்பல்கள் பட்ட பாடு அப்போதுதான் முழங்காலுக்குப் புரிந்தது. கப்பல் சாய்ந்தால் ஒரு சக்கரம் ஆழத்தில் முக்கும், மற்றது வெறுமனே சுற்றும். போதாததற்கு, நிலக்கரி எரிந்து தீரத் தீரக் கப்பல் எடை குறைந்து மேலே எழும். சக்கரம் தண்ணீரில் அமிழும் ஆழமும் குறையும். 1825-இல் இங்கிலாந்திலிருந்து கல்கத்தா வந்த எண்டர்பிரைஸ் என்ற சக்கரக் கப்பலுக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. அதுவும் வழியில் பாய் விரித்து ஓட்டியும்.

எனக்குப் பிடித்தது பலகை விஷயம். பலகையைச் சக்கரத்தோடு அசையாமல் பூட்டினால், இறங்கும்போது தண்ணீரைக் கீழே அறையும், ஏறும்போது வாரி மேலே தூக்கும். அடியில் இருக்கும் கொஞ்ச நேரம்தான் உருப்படியாகத் தள்ளும். இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சக்கரத்தின் மையத்திலிருந்து கொஞ்சம் விலகி இன்னொரு மையம், அங்கிருந்து ஒவ்வொரு பலகைக்கும் ஒரு கம்பி. சக்கரம் சுற்றச் சுற்ற, கம்பி இழுத்து, தண்ணீருக்குள் இருக்கிற பலகையை ஏறக்குறைய நிமிர்த்தியே வைத்திருக்கும். யோசித்தவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் மூட்டுக்கு மூட்டு ஒரு ஆணி, அது சுழல புஷ் என்கிற ஒரு வளையம், அத்தனையும் உப்புத் தண்ணீரில்! தேய்மானத்துக்கே ஒரு பட்டறை வேண்டும்.

1845-இல் ராட்லர் என்ற புரொப்பெல்லர் கப்பலையும் அலெக்டோ என்ற சக்கரக் கப்பலையும் பின்பக்கத்தோடு பின்பக்கம் கட்டி, எதிரெதிராக இழுக்கவிட்டார்கள். ராட்லர் மற்றதைப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போனது. கடலில் சக்கரத்துக்கு மவுசு குறைந்தது.

ஆற்றில் அப்படியில்லை. புரொப்பெல்லர் முழுக முழங்கால் தண்ணீர் போதாது, சக்கரத்துக்கு மேலோட்டமான தண்ணீரே போதும். பர்மாவின் ஐராவதியில் 1942-இல் ஜப்பான் படை வரும்வரை சக்கரக் கப்பல்கள் ஓடின. அந்தப் படை கையில் சிக்கக்கூடாதென்று அங்கே நூற்றுக்கணக்கான கப்பல்களைக் கப்பல்காரர்களே மூழ்கடித்தார்கள். ரங்கூனில் மூட்டை தூக்கிய என் தாத்தா, “தண்ணிய அடிச்சுக்கிட்டே போகும்டா” என்று கையால் சுற்றிக் காட்டுவார்.

கரையேறியதும் பேரிங் எப்படி இருக்கிறது என்று மூடிக்குள் கைவிட்டுத் தடவினேன்.

“பெரியவரே, கைய எடுங்க! அடுத்த ஆள் ஏறணும்” என்றார் படகுக்காரர்.

புஷ் தேய்ந்துதான் இருந்தது.