வெள்ளை அணுவுக்குள் உயிரோடு

“காய்ச்சல் விட்டுடுச்சு மேடம். நல்லா சாப்பிடுறாரு. ரிப்போர்ட்ல என்ன போட்டிருக்கு?”

ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னலுக்கு வெளியே இடுப்பில் குழந்தையோடு நின்றார் அந்தப் பெண். தாளைப் பார்த்தேன். “கிருமி எதுவும் வளரலம்மா” என்றேன். பொய் இல்லை, இரண்டாவது முறை எடுத்த ரத்தத்தில் எதுவும் வளரவில்லைதான். அந்த ஒரு வார்த்தையை நம்பி, டாக்டர் தடுத்தும் கேட்காமல், அன்று சாயங்காலமே கணவரை வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

அதற்குச் சில நாள் முன்பு எனக்கு நைட் டியூட்டி. விடியற்காலை 3 மணிக்கு, ரத்தப் பாட்டில்களில் கிருமி வளர்கிறதா என்று கவனிக்கும் கல்ச்சர் மெஷின் சத்தம் போட்டது. அந்தப் பெண்ணின் கணவருடைய பாட்டில். அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் தடவி, கிருமிக்கு நிறமேற்றும் கிராம் ஸ்டெயின் போட்டுப் பார்த்தேன். ஊதா நிறத்தில் உருண்டை உருண்டையாக, கொத்துக் கொத்தாக நின்றன. 1880-களில் அபர்டீன் நகரத்து சர்ஜன் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், சீழில் இதே கொத்தைப் பார்த்துவிட்டுத்தான், திராட்சைக் குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் ஸ்டஃபைலோகாக்கஸ் என்று பெயர் வைத்தார். உடனே வார்டுக்கு போன் போட்டேன். தொடையில் வந்த சூட்டுக் கட்டியை அந்தக் கணவரே பிதுக்கிவிட்டாராம். மறுநாள், கிருமி பிளாஸ்மாவை உறைய வைக்கிறதா என்று பார்க்கும் கோஆகுலேஸ் டெஸ்ட். குழாயைச் சாய்த்தால் பிளாஸ்மா ஒழுகவில்லை, உறைந்த தயிர் போல அப்படியே நின்றது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்தான்.

வீட்டுக்குப் போன மூன்று வாரம் கழித்து அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். முதுகு வலி தாங்காமல் திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை. ஸ்கேனில் முதுகெலும்புப் பக்கம் சீழ் தெரிந்தது. ஊசி வைத்து எடுத்த அந்தச் சீழ் என் மேஜைக்கே வந்தது. ஸ்லைடு முழுக்க, கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்களான நியூட்ரோஃபில்கள். ஒன்றை ஃபோகஸ் செய்தேன். மடல் மடலாகப் பிரிந்த உட்கரு, அதன் ஓரத்தில் அணுவுக்குள்ளேயே ஏழெட்டு ஊதா உருண்டைகள். இத்தனை வருஷமாக இப்படி ஒரு காட்சியைப் பார்த்தால் மனசுக்குள் ஒரு நிம்மதி வரும். வெள்ளை அணு கிருமியை விழுங்கிவிட்டது, தன் வேலையைச் செய்துவிட்டது என்றுதான் நினைப்பேன். அன்று அதே சீழைக் கிருமி வளர்க்கும் தட்டில் தடவி வைத்தேன். காலையில் தட்டு நிறைய வளர்ந்திருந்தது.

எங்கள் டாக்டரிடம் போய்க் கேட்டேன். பொறுமையாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். மனித வெள்ளை அணுக்களுக்குள் போன ஸ்டஃபைலோகாக்கஸ் எல்லாமே சாவதில்லை என்று ரோஜர்ஸும் டாம்ப்செட்டும் 1952-லேயே எழுதிவிட்டார்களாம். 2000-ல் வந்த ஓர் ஆய்வில், நோய் கண்ட எலியின் நியூட்ரோஃபில்களை எடுத்து ஆரோக்கியமான எலிக்குச் செலுத்தினார்கள். அந்த எலிக்கும் நோய் வந்தது. கிருமியைச் சுமந்து போனது காவல்கார அணுவேதான்.

எனக்கு இதைவிடப் பெரிய அதிர்ச்சி கல்லீரல் விஷயம். ரத்தத்தில் புகுந்த கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கல்லீரலின் ரத்த நாளங்களுக்குள் ஒட்டியிருக்கும், கிருமி விழுங்கும் குப்ஃபர் அணுக்கள் சில நிமிஷத்திலேயே பிடித்துவிடுகின்றன. அதில் மிகப் பெரும்பகுதி செத்தும் போகிறது. தப்பிய கொஞ்சம், அதே அணுவுக்குள் பெருகி, அதை உடைத்துக்கொண்டு மறுபடி ரத்தத்தில் இறங்குகிறது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து இதைக் காட்டிய ஆய்வு 2016-ல் வந்தது. வான்கோமைசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்து ரத்தத்தில் எவ்வளவு ஓடினாலும் அணுவுக்குள் சரியாகப் போவதில்லை, அதனால் உள்ளே ஒளிந்தவை பிழைத்துவிடுகின்றன. பாட்டிலுக்கு நாம் எடுப்பதோ 10 மில்லி ரத்தம். கல்லீரலில் பதுங்கியிருப்பதும் முதுகெலும்பில் இறங்கிவிட்டதும் அதில் எப்படித் தெரியும்?

இந்தக் கிருமி ரத்தத்தில் வந்துவிட்டால், வேறெங்கும் பரவவில்லை என்று உறுதியானவர்களுக்கே குறைந்தது 14 நாள் ஊசி என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அதுவரை அந்த 14 எனக்கு வெறும் எண். அந்தப் பெண்ணிடம் அன்று இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருந்தால் போதும் என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை.

இப்போது ஜன்னலில் “வளரல” என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. “இந்த ரத்தத்துல வளரலம்மா. ஆனா உடம்புக்குள்ள ஒளிஞ்சிருக்கலாம். டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் ஊசிய நிறுத்தாதீங்க” என்கிறேன். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் அவசரப்படுத்தினாலும் சொல்லிவிட்டுத்தான் தாளை நீட்டுகிறேன்.

முதுகெலும்புக்கு 6 வாரம் ஊசி போட்டார்கள். கடைசி வாரத்தில் அதே பெண் ஜன்னலுக்கு வந்தார். குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் வாயைத் திறக்கும் முன்பே அவரே சொன்னார்:

“இன்னும் ரெண்டு நாள் ஊசி இருக்கு மேடம். முடிச்சுட்டுத்தான் போறோம்.”