கல்லடியில் கட்டிய செவன்: உறுதியும் ஓட்டமும்

பிரித்தானிய லோட்டஸ் நிறுவனத்தை நிறுவிய கொலின் சப்மன் 1957இல் அறிமுகப்படுத்திய, கூரையற்ற இலேசான விளையாட்டுக் காரான லோட்டஸ் செவனைப் போன்ற வண்டியொன்றை, மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் பின்வளவில் கட்டி முடித்திருக்கிறேன். பார்க்க வருபவர்கள் மூக்கையும் பெயின்ற்றையும் வைத்தே தரத்தை மதிப்பிடுகிறார்கள். ஆனால் இத்தகைய வண்டியின் தரம், தகடுகளுக்குள் மறைந்துபோகும் சட்டகத்திலேயே இருக்கிறது.

எஞ்சின், கியர்பொக்ஸ், பின் அச்சு மூன்றும் பழைய கொரோலா டீஎக்ஸ் வாகனுக்குரியவை. அதன் 1486 சிசி 5கே எஞ்சினின் வலு சுமார் 70 குதிரைவலுதான் என்றாலும், அதன் உதிரிப்பாகங்களை மட்டக்களப்பிலேயே வாங்கலாம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

சட்டகம் 25 மில்லிமீற்றர் சதுர இரும்புக் குழாய்களால் ஆனது. வெல்டிங்கில் ஒட்டிய இடம் ஆறும்போது சுருங்கிக் குழாயைத் தன் பக்கம் இழுக்கும் என்பதால், எல்லா மூட்டுகளையும் முதலில் தற்காலிகமாகச் சிறு பொட்டு ஒட்டாக நிறுத்தி, பிறகு எதிரெதிர் மூலைகளை மாறிமாறி முழுமையாக ஒட்டி, ஒவ்வொரு முறையும் மூலைவிட்டங்களை அளந்து பார்த்தோம். மேலே திறந்திருக்கும் எஞ்சின் அறைதான் முறுக்கத்துக்கு எளிதில் வளைந்துகொடுக்கும் இடம். அங்கே குறுக்குச் சாய்குழாய்களைச் சேர்த்து முக்கோணங்களாக்கிய பின்னர், ஒரு மூலையை ஜாக்கியால் உயர்த்தும்போது சட்டகம் முறுக்கிக்கொள்ளாமல் மற்ற மூலையும் சேர்ந்து எழும்பியது. என்னைப் பொறுத்தவரை, முழு வேலையிலும் மிகுந்த நிறைவளித்த கணம் அதுதான்.

மூக்கையும் மட்கார்ட்களையும் வாழைச்சேனைப் பக்கம் பைபர் படகு கட்டும் ஒருவர் செய்து தந்தார். அச்சிலிருந்து சீக்கிரம் கழற்றலாமா என்று கேட்டபோது, "அவசரப்படாம இரிங்க தம்பி, மறுகா கோணிரும்" என்று தடுத்துவிட்டார். பைபரைப் பிணைக்கும் ரெசின் முழுமையாக இறுகுமுன் கழற்றினால் வடிவம் மாறிவிடும் என்பதைப் படகுக்காரரைவிட நன்கு அறிந்தவர் யார்?

கடலுக்கும் வாவிக்கும் நடுவே வாழும் எங்களுக்கு உப்புக் காற்று தனிப் பிரச்சினை. அலுமினியத் தகடு இரும்பை நேரடியாகத் தொட்டால், ஈரமும் உப்பும் சேர்ந்து அலுமினியத்தை அரித்துவிடும். ஆகவே இரண்டுக்கும் இடையே சீலன்ற் பூசியே றிவெற் அடித்தோம்.

அரிசி ஆலையொன்றின் தராசில் நிறுத்தபோது வண்டி 570 கிலோ இருந்தது. எடை இவ்வளவு குறைந்ததால், அந்தச் சாதாரண எஞ்சினே வண்டியைத் துடிப்பாக முன்தள்ளுகிறது. எனினும் செவனின் வடிவம் காற்றை எதிர்த்து நிற்பது என்பதால் உச்ச வேகத்தை இதில் எதிர்பார்க்கக் கூடாது. இதன் சுகம் வளைவுகளிலும் புறப்பாட்டிலும் இருக்கிறது.

பிறேக்கைச் சோதிக்க ஆலைக்காரர் தமது நெல் காயவிடும் தளத்தைத் தந்தார். சுமையேற்றும் வாகனுக்கென அமைந்த பின் பிறேக்குகள் இந்த இலேசான வண்டிக்கு அதிகமாக இருந்தமையால், அழுத்தி மிதித்ததும் பின்சில்லுகள் முதலில் இறுகி, வண்டி பக்கவாட்டில் திரும்பப் பார்த்தது. பின் பிறேக்குக்குச் செல்லும் குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு பொருத்திச் சிறிது சிறிதாகச் சரிசெய்தோம். இப்போது முன்சில்லுகளே முதலில் இறுகுகின்றன. வண்டி நேராக நிற்கிறது.